ஓரம் விட்டு வரைந்த படம்

கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிஷன்,
பூண்டுலோயா.
17.03.2024

அன்புள்ள ரூபிகா அண்ணிக்கு,

கிருஷாந்தி எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் வீட்டுச் சுகத்தை அண்ணனின் தொப்பையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்கு மேலே பாறையில் ஏற வேண்டும். ஏறி நின்று பேசினாலும், "கடைக்கு ஆள் வந்துருச்சு, வைக்கிறேன்" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் அம்மாவைப் பார்க்க வந்த கோகுல் அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் நர்சரிக்கு ஐந்து வயது முடிந்ததென்று சித்திரக் கண்காட்சி வைத்து, மறக்காமல் என்னையும் கூப்பிட்டு, ஒரு துண்டு கேக்கும் கொடுத்தீர்கள். நன்றி. கேக் நன்றாக இருந்தது. கண்காட்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முப்பத்திரண்டு மயில் பார்த்தேன் அண்ணி. முப்பத்திரண்டும் இடப்பக்கம் திரும்பி, ஒரே காலைத் தூக்கி, ஒரே கண்ணால் என்னைப் பார்த்தன. காலையில் மலைக்குப் போகுமுன் பெரட்டுக்கு வரிசையாக நிற்கிற ஆட்கள்கூட இவ்வளவு ஒழுங்காக நிற்கமாட்டார்கள். அங்கேயும் யாராவது ஒருத்தி வெற்றிலை துப்பத் திரும்புவாள். ஒவ்வொரு மயிலுக்குக் கீழேயும் மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்றின் பெயர். கோடு போட்டது போட்டோ கொப்பி மெஷின். நிறம் போட்டது பாதி உங்கள் டீச்சர்மார், மீதி வீட்டில் தாய்மார். பிள்ளை கொடுத்தது பெயர் மட்டும்தான். அதுவும் தகப்பன் வைத்தது.

ஒரு சின்னப் பெண்ணிடம், "ஒன் படம் எதும்மா?" என்று கேட்டேன். சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தாய் ஓடிவந்து, "இந்தா, இதுதான் ஒன்னோடது, பேர் போட்டிருக்குல்ல" என்றார். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுத்தே தெரியாது.

ஹட்டனில் ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முன்பள்ளிப் பயிற்சி படித்தோம். அப்போது நீங்கள் எனக்கு வா போ என்று பேசுகிற சிநேகிதி. அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியானீர்கள், மரியாதை கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த மயிலுக்கெல்லாம் மரியாதை கொடுக்க என்னால் ஆகாது. இங்கே என் நர்சரியில் பதினேழு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவரின் படத்திலும் நான் ஒரு புள்ளி வைத்ததில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
கிருஷாந்தி

*

பிரதான வீதி, பூண்டுலோயா.
24.03.2024

அன்புள்ள கிருஷாந்திக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை கடைப் பக்கமே நின்றுகொண்டார். தங்கையின் குணம் தெரிந்த மனிதர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதையும் உன்னைத் திட்டுவதற்காக எழுத வைத்துவிட்டாய்.

முதலில் ஒரு திருத்தம். நீ தின்றது இரண்டு துண்டு கேக்.

அடுத்து மயில். ஆமாம், போட்டோ கொப்பிதான். ஆமாம், டீச்சர்மார்தான் நிறம் போட்டார்கள். நான் கடைக்காரர் வீட்டுப் பெண். வருகிறவர்கள் கேட்பதைத்தான் ராக்கைத் தட்டில் அடுக்கி வைப்போம். தாய்மார் கேட்பது மயில். பிள்ளை மயிலைக் கொண்டுபோனால் தகப்பன் சுவரில் ஒட்டுகிறான், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறான், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான்.

உன் பிள்ளைகள் கொண்டுபோகிற காகிதம் என்ன ஆகிறது தெரியுமா? உங்கள் மேல் டிவிஷன் காளியாயி போன கிழமை கடைக்கு வந்து சொன்னாள். "நம்ம டீச்சரம்மா மகராசி! தெனமும் அடுப்புப் பத்தவைக்கக் காகிதம் குடுத்துவிடுறாங்க. மண்ணெண்ணெயே வேணாம்." சிரிக்காமல் சொன்னாள். நிஜமாகவே உன்னை வாழ்த்தினாள். நான்தான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிள்ளை மண்ணைக் குழைத்துத் தடவினால் அது சித்திரம், உட்கார்ந்து ஒழுங்காக நிறம் போட்டால் அது பாவம், அப்படித்தானே? நீ சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறாய்!

இன்னொன்று. உங்கள் டிவிஷனிலிருந்து நான்கைந்து பேர் வந்து, எங்களுக்கும் வேன் அனுப்புங்க என்று கேட்டார்கள். நான் போய்க் கூப்பிடவில்லை. சாமி சத்தியமாகக் கூப்பிடவில்லை. மே மாதம் பள்ளித் தவணை தொடங்கும்போது எங்கள் டிரைவர் தம்பையா வேனைக் கொண்டுவருவார். உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பார், அதற்காக எழுதினேன்.

மாமிக்கு மூட்டுவலித் தைலம் வைத்திருக்கிறேன். தினமும் தேய்த்துவிடு.

அன்புடன்,
ரூபிகா

*

மேல் டிவிஷன்.
19.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தைலம் கிடைத்தது. அம்மா தேய்க்கிறார், உங்களை வாழ்த்துகிறார். மருமகளின் வேன் மகளின் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் மனமில்லை.

இந்தக் கடிதத்தைத் தம்பையா அண்ணனிடமே கொடுத்தேன். "நம்ம வேன் இனித் தபால் வேனும்தான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஹோர்ன் அடிக்கிறபோது மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

ஐந்து பேர் போய்விட்டார்கள். மீதி பன்னிரண்டு. பத்துக்குக் கீழே போனால் டிசம்பரோடு மூடுவது என்று எங்கள் நர்சரியை நடத்துகிற சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். மூடினால் இந்த அறை உர ஸ்டோர். தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா நேற்றே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன மூட்ட புடிக்கும்?" என்று கேட்டார், நான் உள்ளே நிற்கும்போதே.

இந்தப் பெற்றோரை என்ன சொல்வது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ஒரு சங்கதி கேளுங்கள். சின்னராசா மகன் தனுஷன், நாலு வயது. போன வாரம் மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. இவன் காகிதத்தைத் தரையில் போட்டு, நீலப் பேஸ்டலை முஷ்டியில் பிடித்து, டக்கு டக்கு டக்கு என்று குத்திக்கொண்டே இருந்தான். மழை வலுத்தால் வேகமாக, குறைந்தால் மெதுவாக. அரை மணித்தியாலம்! காகிதமெல்லாம் ஓட்டை. முடித்துவிட்டு என் காதருகே வந்து, "சத்தம் வரஞ்சிட்டேன் டீச்சர்" என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு வருட வேலையில் எனக்குக் கிடைத்த சம்பளம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தகப்பனிடம் காட்டினேன். சின்னராசா காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னா டீச்சர், எலி கடிச்ச மாதிரி இருக்கு? அங்கிட்டு டவுன் நர்சரியில மயிலெல்லாம் வரையுதாமே" என்றார். சத்தத்தை வரைந்த பிள்ளைக்கு எலியைத் தெரிந்த தகப்பன்.

சிரியுங்கள். அரிசி மூட்டை பக்கத்தில்தானே இருக்கிறது.

கிருஷாந்தி

*

பிரதான வீதி.
02.06.2024

அன்புள்ள கிருஷாந்திக்கு,

சிரிக்கவில்லை. கண்டாக்கு கேட்டது எனக்கே சுருக்கென்றது.

ஆனாலும் சொல்கிறேன், கேள். சின்னராசா விடிய ஆறு மணிக்கு மலைக்குப் போய்த் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிற ஆள். அவர் மகன் தன்னைப்போல ஆகக் கூடாது என்று நினைக்கிறார். மயிலைப் பார்த்தால் மகன் படிக்கிறான் என்று அவருக்குத் தெரிகிறது. ஓட்டைக் காகிதத்தில் என்ன தெரியும்? உனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிய வேண்டும் என்றால் நீ உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீ சொல்லமாட்டாய். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுதை என்பாய். பயிற்சியிலும் நீ அப்படித்தான். சந்தேகம் கேட்டவளை எல்லாம் புழுவைப்போலப் பார்ப்பாய். நான்தான் பிறகு அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன்.

சின்னராசா இங்கேயும் வந்தார். ஜனவரியில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உனக்காகத்தான். நன்றி சொல்ல வேண்டாம், உனக்கு அது வராது.

என் நர்சரிக்கு வந்துவிடு. கேட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே. உன் அண்ணனும் அதையே விரும்புகிறார்.

வர மனமில்லை என்றால், சிறுவர் தினத்தை ஒட்டி வட்டார நர்சரிகளுக்கெல்லாம் சித்திரப் போட்டி வைக்கிறார்கள், ஒழுங்குபடுத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நர்சரிக்கு ஒரு படம். கண்டியிலிருந்து முத்துலிங்கம் சேர் நடுவராக வருகிறார். அனுப்பிப் பார். அடுப்புக்குப் போகிறது அங்கேயாவது வரட்டும்.

ரூபிகா

*

மேல் டிவிஷன்.
22.09.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் நேரமின்மை அல்ல. "வந்துவிடு" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மயில்களுக்கு வால் ஒட்டவா? அந்த வேலைக்குப் பசைப் போத்தல் போதும், டிப்ளோமா வேண்டாம்.

போட்டிக்குப் படம் அனுப்புகிறேன். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குள் முதலாம், இரண்டாம் பார்ப்பதே அசிங்கம் என்று நினைக்கிறவள் நான். இருந்தாலும் அனுப்புகிறேன். ஏனென்று ஒளிக்காமல் சொல்கிறேன். இடையில் இன்னொரு பிள்ளையும் நின்றுவிட்டது, இப்போது என்னிடம் பதினொரு பேர். சின்னராசா ஜனவரியில் தனுஷனை உங்களிடம் விடுவது என்று முடிவெடுத்துவிட்டார். அவன் போனால் பக்கத்து வீட்டு நிலக்ஷியும் அவள் தம்பியும் போவார்கள். ஒரே லயம், ஒரே மூச்சு. மீதி எட்டு. எட்டு என்றால் உர ஸ்டோர்.

சின்னராசா சொன்னது இது. "டீச்சர், ஒரு பரிசு கிரிசு வாங்கிட்டான்னா நான் ஏன் டவுனுக்கு அனுப்பறேன்? நம்ம காம்பரா நர்சரியே போதும்னு நாலு பேருக்கு நானே சொல்லுவேன்." ஆக, தன் மகன் எப்படிப்பட்ட பிள்ளை என்று தகப்பனுக்குச் சொல்ல, கண்டியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

தனுஷனின் படம் இத்துடன் உறையில் இருக்கிறது. பிள்ளையின் படம், பிள்ளையின் படமாகவே வருகிறது. உங்கள் பக்கம் அப்படி வராது என்று தெரியும்.

கிருஷாந்தி

*

பிரதான வீதி.
06.10.2024

கிருஷாந்திக்கு,

நீ மேடையில் சான்றிதழ் வாங்கும்போது நானும் கை தட்டினேன். பார்த்திருப்பாய்.

நீ வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். முத்துலிங்கம் சேர் என் மயிலுக்கு முன்னால் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "இது பெரியவங்க கை" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். சரிதான். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சரிதான். அடுத்தது உன் படம். மழைக்குக் கறுப்பு ரப்பர்ச் சீட்டைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா மலையிலிருந்து இறங்குகிறாள். தலை சுண்டைக்காய் அளவு. கை இரண்டும் முறம் அளவு. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, கொழுந்து பறிக்கிற தாயோட கையை எவ்வளவு பெரிசாப் போட்டிருக்கான்! இதைச் சொல்லிக் கொடுத்து வர வைக்க முடியுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டால் அழுதிருப்பார். சுற்றி நின்றவர்களும் உச்சுக் கொட்டினார்கள். தோட்டத்துத் தாய் என்றால் போதும், இவர்களுக்கெல்லாம் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும்.

நான் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தேன்.

நாலு பக்கமும் அரை அங்குலம் வெள்ளை, கிருஷாந்தி. ஒரு கோடு தாண்டவில்லை. நான் பெரிய சித்திரக்காரி இல்லை. ஆனால் ஐந்து வருடமாக முப்பது பிள்ளைகள் காகிதத்தைத் தாண்டி மேசையில் கிறுக்குவதைத் துணி போட்டுத் துடைத்தவள். நாலு வயதுப் பிள்ளைக்குக் காகிதம் எங்கே முடிகிறது என்ற கவலையே கிடையாது. சட்டம் போட்டால் படம் மறைந்துவிடுமே என்று ஓரம் விடுகிறவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

என் டீச்சர்மார் பெரியவர்கள் வரைகிற மாதிரி வரைந்தார்கள், பிடிபட்டார்கள். நீ பிள்ளை வரைகிற மாதிரி வரைந்தாய், பரிசு வாங்கினாய். உன் கெட்டிக்காரத்தனத்துக்கு நான் எங்கே வருவது!

ஊருக்கெல்லாம் உபதேசம். முப்பத்திரண்டு மயில் என்று பக்கம் பக்கமாக எழுதினாயே, என் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும், இது நீ வரைந்தது என்று பொய் சொன்னதில்லை. "இந்தா மயில், நிறம் போடு" என்றுதான் சொல்வேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன். உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. நீ என்னிடம் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

ரூபிகா

*

மேல் டிவிஷன்.
09.10.2024

அண்ணிக்கு,

உங்களுக்குப் பொறாமை. தோற்றவர்கள் அளவுகோல் எடுத்துக்கொண்டு வருவது வழக்கம்தான். தனுஷன் ஓரம் விட்டு வரைந்தான். சில பிள்ளைகள் அப்படி வரைவார்கள். மயில் வியாபாரத்தில் நீங்கள் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

உங்கள் வேனில் போன ஐந்து பேரும் திங்கட்கிழமை என்னிடம் திரும்பி வந்துவிட்டார்கள். எண்ணிக்கொள்ளுங்கள், பதினாறு. உங்களுக்கு எண்ணத் தெரியுமே.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கிருஷாந்தி

*

மேல் டிவிஷன்.
17.11.2024

அன்புள்ள அண்ணி,

ஐந்து வாரமாக நீங்கள் பதில் போடவில்லை. எழுத வேண்டாம் என்றால் உண்மையிலேயே எழுதாமல் இருந்துவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான்தான் வரைந்தேன்.

அந்த ஓட்டைக் காகிதத்தைத்தான் அனுப்ப எடுத்தேன். உறையில் போடப் போகும்போது, எலி கடிச்ச மாதிரி இருக்கு என்ற குரல் கேட்டது. நடுவரும் அப்படித்தான் பார்ப்பார் என்று தோன்றியது. மறுநாள் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பேஸ்டலை இடக் கையில் பிடித்து வரைந்தேன். நாலு காகிதம் கெட்டது, ஐந்தாவது சரியாக வந்தது. கை பெரிதாக இருந்தால் அந்த மனிதர் உருகுவார் என்று தெரிந்தே போட்டேன். அவரைப் பார்த்து எனக்குள் சிரித்தேன். உங்களைப் பார்த்தும் சிரித்தேன். உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

நடந்தது அதோடு முடியவில்லை. சின்னராசா படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் மாட்டினார். லயமே வந்து பார்த்தது. தனுஷன் முதல் நாளே என்னிடம் வந்து, "அது நான் வரயல டீச்சர்" என்றான். நான் அவனைப் பிடித்து மடியில் உட்கார வைத்து, "நீதான்டா வரஞ்ச, மறந்துட்ட" என்றேன். நாலு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன் அண்ணி. நீங்கள் ஒருநாளும் சொல்லாத பொய்.

அவன் நம்பிவிட்டான். வீட்டில் அப்பா சொல்கிறார், அம்மா சொல்கிறாள், டீச்சரும் சொல்கிறாள், நம்பாமல் என்ன செய்வான்? யார் வந்தாலும், "எங்க, அதே மாதிரி இன்னொன்னு வரஞ்சு காட்டு சாமி" என்கிறார்கள். உட்காருகிறான். ஒரு கை வரைகிறான், அழிக்கிறான். போன திங்கட்கிழமை காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, "என் கையி மறந்துருச்சு டீச்சர்" என்று தேம்பித் தேம்பி அழுதான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மற்றப் பதினைந்து பேரும் என்ன வரைகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கறுப்புச் சீட்டு, சுண்டைக்காய்த் தலை, முறம் கை. நான் கேட்கவில்லை. தாய்மார் வீட்டில் பழக்கி அனுப்புகிறார்கள். சுவரில் பதினைந்து அம்மாமார் ஒரே பக்கமாக இறங்குகிறார்கள்.

புதன்கிழமை முத்துலிங்கம் சேருக்கு எழுதிச் சான்றிதழையும் திருப்பி அனுப்பிவிட்டேன். தனுஷனை உட்கார வைத்து, "நான்தான் வரஞ்சேன், நான் பொய் சொன்னேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்தானே ஒரு பார்வை, அதை எழுதத் தெரியவில்லை எனக்கு. நேற்றுப் பெற்றோரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். சின்னராசா தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லா நர்சரியிலயும் செய்யிறதுதானே டீச்சர். அதப் போயி ஏன் வெளியில சொன்னீங்க? புள்ள பரிச புடுங்கிட்டீங்களே" என்றார். நான் பொய் சொன்னதில் அவருக்குக் கோபமில்லை, உண்மையைச் சொன்னதில்தான்.

சங்கத்தார் என்னை நிறுத்திவிட்டார்கள். வேறு டீச்சர் போடப்போவதில்லையாம், டிசம்பரோடு நர்சரியும் மூடுகிறது. கண்டாக்கையா சுவரை இனித் தட்டிப் பார்க்கத் தேவையில்லை.

ஜனவரியில் வேனை மேல் டிவிஷனுக்கு அனுப்புங்கள். பதினாறு பேரும் உங்களுக்குத்தான். தனுஷனிடம் மட்டும் கொஞ்ச நாளைக்கு எதையும் வரையச் சொல்லாதீர்கள். கேட்பதற்கு எனக்கு முகமில்லை, கேட்கிறேன்.

கிருஷாந்தி

*

பிரதான வீதி.
20.11.2024

அன்புள்ள கிருஷாந்திக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். ஆட்கள் வந்தார்கள், காத்திருக்கச் சொன்னேன்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஓரத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. இவளும் நம்மைப்போலத்தான், இவ்வளவுதான் இவள், என்று ஒரு சந்தோஷம். மூன்று நாள் அதை வைத்து நன்றாகத் தூங்கினேன். அந்தப் பிள்ளையை நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. நீயாவது நினைத்தாய்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். மன்னிக்க வேண்டியவனுக்கு நாலு வயது. அவன் எப்போது மன்னிப்பானோ தெரியாது.

பதினாறு பேரையும் எடுக்கிறேன். ஆனால் மலையிலிருந்து அத்தனை பேரை ஏற்றி இறக்க வேனில் ஒரு ஆள் வேண்டும். வாந்தி எடுக்கிற பிள்ளை, அழுகிற பிள்ளை, செருப்பை விடுகிற பிள்ளை. தம்பையா ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா, இவர்களைப் பிடிப்பாரா? காலை ஆறே முக்காலுக்குக் கோயிலடியில் நில். டீச்சர் என்று நினைத்துக்கொண்டு வராதே, ஆயா வேலை. மூக்குத் துடைக்க வேண்டும், கக்கூசுக்குக் கூட்டிப்போக வேண்டும். ரோஷம் வந்தால் வீட்டிலேயே இரு, நான் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்.

மயில் நிற்காது. தாய்மார் கேட்கிறார்கள், நான் கொடுப்பேன். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணித்தியாலம் பின் அறையை உனக்குத் தருகிறேன். உன் டிவிஷன் பிள்ளைகளோடு என் பிள்ளைகளில் வருகிறவர்களும் வரட்டும். கோடு இல்லாத காகிதம் கடையிலிருந்து எடுத்துத் தருகிறேன். தனுஷன் வரைந்தால் வரையட்டும், இல்லாவிட்டால் ஜன்னலில் ஏறி பஸ்ஸைப் பார்க்கட்டும். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் பொறுப்பு.

அந்த ஒரு மணித்தியாலமும் கடையை உன் அண்ணனிடம் விட்டுவிட்டு, நான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளைப் பார்க்க இல்லை. உன் கை இரண்டையும் பார்க்க.

ரூபிகா